சுஹறாவுக்கு வெட்டின பலகை

ஷரிபுதீனின் வான் காலிதீன் வீட்டு வளவுக்குள் தள்ளுப்பட்டு வந்து நின்றபோது நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து கால் மணித்தியாலம் இருக்கும். நாலு பேர் பின்னால் தள்ள, ஷரிபுதீன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கதவைத் தள்ளியபடி நடந்து வந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. மழை விட்டபாடில்லை.

"எஞ்சின் எடுக்குதில்ல மச்சான்," என்றான்.

"அது எனக்குத் தெரியுது. எடுத்திருந்தா நீ ஏன் மாடு மாதிரி இழுத்துட்டு வாற?"

காலிதீனின் வாய் அப்படித்தான். கல்முனையில் பிறந்து, மைமூனாவைக் கலியாணம் முடித்து, எங்கள் ஆக்களின் வழமைப்படி பெண்வீட்டுக்கு வந்து குடியிருக்கிறவன். மழைக்குத் தண்ணீர் மேலால் ஏறிப் பாய்கிற கிட்டங்கித் தாம்போதிப் பாதைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் கிடக்கிற இந்தக் கொளனியில் வாகனம் திருத்த அவனை விட்டால் ஆளில்லை. அவன் கைவைத்து எடுக்காத எஞ்சின் இல்லை என்று ஊர் சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவனே சொல்லிவிடுவான்.

அன்றைக்கு அந்த வான் வந்து சேர்ந்தது அவனுக்கு ஒரு விதத்தில் நிம்மதிதான். உள்ளே மகள் றாஹிலா சுபஹுத் தொழுகை நேரத்திலிருந்து நோவோடு கிடக்கிறாள். பத்தொன்பது வயது, தலைப்பிள்ளைப் பேறு. மருத்துவிச்சி செல்லத்தங்கம் வீரமுனையிலிருந்து விடியவே வந்துவிட்டாள். மருமகன் அப்துல் ஹமீட் உரம் ஏற்றப்போன ட்றக்டரோடு முதல்நாளே தாம்போதிக்கு அங்கால் மாட்டிக்கொண்டான். ஊரில் இருந்த மற்ற ட்றக்டரும் அவனோடுதான் போனது. ஆக, காலிதீன் செய்ய ஒன்றுமில்லாமல் காலையிலிருந்து வளவுக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். கையில் ஸ்பேனர் பட்ட பிறகுதான் மனுசனுக்கு மூச்சு வந்தது.

பேய்க்கதைக்கு இருட்டு வேணும் என்று சொல்லுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டாம். எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஒரு வருசமும் ஒரு மாசமும் ஆன மார்கழி அது. மழைக்காலம் என்றாலும் பட்டப்பகல், ஆள் முகம் தெளிவாகத் தெரிகிற பகல்.

"எஞ்சினுக்கு மூணே சாமான்தான் வேணும்," என்று மூடியைத் திறந்தபடியே காலிதீன் பேசத் தொடங்கினான். எந்த வாகனம் வந்தாலும் இந்தப் பேச்சு உண்டு. "எண்ணெய், காத்து, நெருப்பு. மூணும் வந்தா அது எடுத்தே ஆகணும். எடுக்கமாட்டன் எண்டு செல்ல அதுக்கு வாயில்ல."

முதலில் நெருப்பு. பிளக்கின் வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஷரிபுதீனை முன்னால் நின்று கைப்பிடியைப் போட்டுச் சுற்றச் சொன்னான். பளிச்சென்று நீலப்பொறி பாய்ந்தது. குறையில்லை. பிறகு எண்ணெய். பெற்றோல் குழாயை வாயால் ஊதிப் பார்த்தான். காபரேட்டரைக் கழற்றி, தூசு துடைத்துப் பூட்டினான். பெற்றோல் கண்ணுக்கு முன்னால் வந்து விழுந்தது. கடைசியில் காற்று. பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்து அடைத்துச் சுற்றச் சொன்னால், விரலைத் தூக்கி எறிந்தது.

மூன்றும் இருக்கிறது.

"மழையில நனைஞ்ச பிளக்கு. அவ்வளவுதான்," என்று நாலு பிளக்கையும் கழற்றி, பிள்ளைக்கு வெந்நீர் கொதிக்கிற அடுப்பின் தணலில் போட்டுச் சூடாக்கி, கை சுடச்சுடக் கொண்டுவந்து பூட்டினான். மழைநாளில் இந்த வைத்தியத்துக்கு மசியாத எஞ்சினை அவன் பார்த்ததில்லை.

சுற்றினார்கள். கைப்பிடி சுழன்றது. எஞ்சினுக்குள் ஒரு முக்கல்கூட இல்லை.

கதவைத் திறந்து உள்ளே ஏறினான். சாமான் ஏற்றுகிற வான் என்பதால் பின்னுக்கு இருக்கைகள் கிடையாது, வெறும் பலகைத் தளம்தான். காலை வைத்ததும் குளிர்ந்தது. தளம் முழுக்க ஈரம். அதோடு ஒரு வாசம்.

"என்னத்த ஏத்தின இதுக்குள்ள? கற்பூரமா?"

"தேங்காய்தான் ஏத்தின," என்றான் ஷரிபுதீன். "அந்த வாசம் கொஞ்ச நாளா இரிக்கி. கழுவிக் கழுவிப் பாத்தன், போகுதில்ல. வெயிலுக்க விட்டாலும் பலகை காயிற இல்ல." பிறகு, தள்ளிக்கொண்டு வந்தவர்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "மச்சான், ஒண்டு செல்லட்டா? சிரிக்கக்கூடா."

"செல்லு."

"ஆடி மாசம் றஸாக்கிட வாப்பா ஆஸ்பத்திரியில மௌத்தானார்தானே. அண்டைக்கு விடிஞ்சதிலரிந்து இது எடுக்கல்ல. மையத்த ஏத்தி வெச்சன், ஒரு சுத்துத்தான். பட்டெண்டு எடுத்திச்சு. அதுக்குப் பொறகு மருதமுனைக்கு ஒரு மையத்து. அதுவும் அப்பிடித்தான். உசிரோட உள்ள ஆக்கள ஏத்தினா நோய். மையத்து ஏறினா சொகம். ஆக்கள் இதுக்கு மையத்து வான் எண்டு பேரும் வெச்சிட்டாங்க."

பிரேதம் ஏற்றுகிற வான் என்று கேட்டுக் காலிதீன் சிரித்தான். சிரித்தது வாய் மட்டும்தான். அவன் பார்வை காலடியில் கிடந்த பலகையை விட்டு நகரவில்லை. ஷரிபுதீன் அதைக் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழுதது.

காலிதீன் வானிலிருந்து குதித்தான். கைகழுவ ஓடினான், சவர்க்காரம் தேடினான், கிடைக்காமல் மண்ணைப் போட்டுத் தேய்த்தான். மைமூனா துணியில் சுற்றிக் கொண்டுவந்த பெண்குழந்தையின் வலது காதில் பாங்கு சொன்னான். பாதியில் குரல் உடைந்துபோய், நின்று, மூச்சு எடுத்துத்தான் முடித்தான். வாழ்நாளில் அவன் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. ஷரிபுதீனைக் கட்டிப்பிடித்து அவன் சேட்டில் கிறீஸை அப்பினான்.

அந்தச் சந்தோசம் ஒரு பத்து நிமிசம் இருந்திருக்கும்.

செல்லத்தங்கம் வாசலுக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் இரத்தம். முகத்தில் ஒன்றையும் காட்டாத பொம்பிளை அவள். அன்றைக்குக் காட்டினாள்.

"தம்பி, இஞ்ச வாங்க," என்று மெல்லக் கூப்பிட்டாள். "புள்ளைட இளங்கொடி இன்னும் விழல்ல. ரெத்தம் நிக்குதில்ல. என்ட கைக்கு மிஞ்சிட்டு. கல்முனைக்குக் கொண்டு போகணும்."

"எவ்வளவு நேரம் இரிக்கி அக்கா?"

"நேரம் கேக்காதீங்க. கெதியாக் கொண்டு போங்க."

கல்முனைக்குப் பத்துக் கட்டை, பத்து மைல். தாம்போதியில் காலையே தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குள் தாண்டாவிட்டால் பிறகு மூன்று நாளைக்கு எந்த வாகனமும் தாண்டாது. தாழ்வாரத்தில் நின்ற நாலு பேரும் மாட்டு வண்டில் கொண்டுவருகிறோம் என்று மழைக்குள் ஓடினார்கள். மாடு வயல்கரையில் மேய்கிறது. அதைப் பிடித்துப் பூட்டிக்கொண்டு வர ஒரு மணித்தியாலம், அந்தச் சேற்றுக்குள் தாம்போதி வரைக்கும் போக இன்னும் இரண்டு. அது காலிதீனுக்கும் தெரியும்.

மிஞ்சியிருப்பது வான்தான்.

"மகளக் கொண்டு வந்து ஏத்துங்க," என்றான் மைமூனாவிடம். "நான் இத எடுக்கன்."

பாயோடு தூக்கிக் கொண்டுவந்து றாஹிலாவைப் பலகைத் தளத்தில் கிடத்தினார்கள். முகம் வெளிறிப்போய், உதடு காய்ந்திருந்தது. தாயின் கையைப் பிடித்திருந்தவள், தகப்பனைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள். காலிதீன் அவள் நெற்றியைத் தொட்டான். கையில் கிறீஸ் இருந்ததால் ஒரு கறுப்புத் தடம் விழுந்தது. துடைக்க நேரமில்லை.

சுற்றினான்.

கைப்பிடி சுழன்றதே தவிர வேறு சத்தமில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். பொயின்டை நெருப்புப் பெட்டியின் ஓரத்தால் உரசினான். பெற்றோலைத் துணியில் நனைத்துக் காபரேட்டர் வாய்க்குள் பிழிந்தான். அதற்குப் பின்னால் எடுக்காத எஞ்சின் உலகத்தில் இல்லை.

சுற்றினான்.

"வாப்பா."

மெல்லிய குரல். கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்கதவுக்கு ஓடினான்.

"என்ன மகள்?"

"கீழ ஈரமா இரிக்கி வாப்பா."

"மழைதானே மகள். கொஞ்சம் பொறுங்க."

"மழையில்ல," என்றாள் றாஹிலா. கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "கீழரிந்து ஆரோ தட்டுறாங்க."

மைமூனா அவனைப் பார்த்தாள். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவளும் கேட்டிருக்கிறாள்.

டொக். டொக்.

பலகைக்கு அடியிலிருந்து, விரல்மொளியால் தட்டுகிற மாதிரி.

காலிதீன் சேற்றில் குப்புற விழுந்து வானுக்குக் கீழே பார்த்தான். நாலு சக்கரம், எண்ணெய் வடிகிற எஞ்சின், சேற்றுத் தண்ணீர். ஆளில்லை, பிராணியில்லை.

எழும்பி வந்தபோது றாஹிலா கண்ணைத் திறந்திருந்தாள். அவனை அல்ல, கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒரு பொம்புள கேக்கா வாப்பா. இது என்ட இடம், நீ ஏன் படுத்திரிக்க எண்டு கேக்கா."

காலிதீன் பலகையைப் பார்த்தான். கதவைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பலகை மர ஆலையில் எடுத்தது என்று ஷரிபுதீனிடம் சொல்லியிருந்தான். சூறாவளி வெள்ளத்தில் நின்று வானின் தளம் உக்கிப்போனது. ஆறு மாசத்துக்குப் பிறகு அதைப் புதுசாக அடித்துக் கொடுத்தவன் காலிதீன்தான். பலகை ஆலையிலிருந்து வரவில்லை. அடக்கம் செய்கிற மையவாடி வேலியில் சாத்திக் கிடந்த மூன்று பலகை அது.

சூறாவளி அடித்த மூன்றாம் நாள், வாவி ஓரத்துப் பன்புல்லுக்குள் ஒரு பெண்ணின் மையத்து ஒதுங்கிக் கிடக்கிறது என்று விறகுக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள். சீலையின் அடையாளத்தை வைத்து, ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் தங்க வந்திருந்த சுஹறா என்று கண்டுகொண்டார்கள். மருதமுனைப் பெண், தறி நெய்கிறவள். நல்லடக்கம் செய்ய ஆயத்தப்படுத்தினார்கள். கபுறு தோண்டின ஆட்களில் காலிதீனும் ஒருவன். விழுந்த தென்னையை அரிந்து, மையத்துக்கு மேலே மண் விழாமல் மூடுகிற பலகை மூன்றை அளந்து வெட்டினவனும் அவன்தான். பிறகு மையத்தை வைக்கிற சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே மையத்து இல்லை. வெள்ளம் திரும்ப ஏறி இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு நாள் தேடினார்கள். கிடைக்கவேயில்லை. தோண்டின கபுறு மழையில் தானாகத் தூர்ந்துபோனது.

பள்ளிவாசல் மோதினார் அப்போதே சொன்னார். ஒரு மையத்துக்கென்று வெட்டின பலகை அந்த மையத்துடையது, அதை ஊருக்குள் கொண்டுபோகக்கூடாது, அவள் வரும்வரைக்கும் இங்கேயே கிடக்கட்டும் என்று. எல்லோரும் ஓம் என்றார்கள். காலிதீனும் ஓம் என்றான். ஆறு மாசம் கழித்து, கிடந்து உக்கிப்போகிற சாமான் ஒருத்தனுக்குப் பிரயோசனப்பட்டால் என்ன என்று நினைத்தான். பட்டப்பகலில் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். பலகை இல்லாததை மோதினார் கண்டிருப்பார். ஆனால் அதைப்போய் ஒரு மனுசன் எடுப்பான் என்று அவர் புத்திக்கு எட்டியிருக்காது.

"மச்சான்," என்றான் காலிதீன். "மகள இறக்கணும். பலகையக் கழட்டணும்."

"உனக்கென்ன பைத்தியமா? இப்பயா?"

"அது சுஹறாட பலகை."

ஷரிபுதீனுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கினதும் அவன் கத்தவில்லை, ஏசவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்றான்.

"என்ட வானுலயா கொண்டு வந்து அடிச்ச?" என்று மட்டும் கேட்டான்.

றாஹிலாவைத் திரும்பவும் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் கிடத்தினார்கள். தூக்கும்போது பாயிலிருந்து சொட்டின இரத்தத்தை மழை அடித்துக்கொண்டு போனது. செல்லத்தங்கம் கூடவே ஓடினாள்.

காலிதீன் அலவாங்குக் கம்பியைச் செருகி நெம்பினான். நாலு அங்குல ஆணி, அவனே அடித்தது. நெம்பி எடுக்க அரை மணித்தியாலம் ஆகும் என்று நினைத்தான். சேற்றிலிருந்து பிடுங்குகிற மாதிரிப் பொசுக்கென்று கையோடு வந்தது.

முதல் பலகையைத் திருப்பினான்.

அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாவித் தண்ணீரின் பாசிமணம். ஆணிகளின் கூரில் நீளத் தலைமுடி சுற்றிக் கிடந்தது. ஒன்று இரண்டு இல்லை, பிடி பிடியாக.

இரண்டாம் பலகையிலும் முடி.

மூன்றாவதை அவன் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்றையும் வளவு மூலையில் வேலியோரமாகக் கொண்டுபோய்க் கிடத்தினான். எறியப் பயந்தான். கிடத்திவிட்டு மழைக்குள் குந்தியிருந்து பேசினான். எதிரே ஆள் இருக்கிற மாதிரித்தான் பேசினான்.

"தப்புத்தான். எடுத்தது நான்தான். புள்ளைக்கு ஒண்டும் தெரியா. என்னைப் புடிச்சுக்க, அவள உட்டுரு. கொண்டு போய் உன்ட இடத்துலயே வெக்கன், அல்லாட மேல சத்தியமா வெக்கன்."

மழை மட்டும் வேலி ஓலையில் விழுந்துகொண்டிருந்தது.

ஓடிவந்து கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். வானில் இப்போது தளம் இல்லை, பிழையான சாமான் ஒன்றும் இல்லை. எண்ணெய் இருக்கிறது, காற்று இருக்கிறது, நெருப்பு இருக்கிறது. எடுத்தே ஆகவேணும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பத்தாவது சுற்றில் கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்பி அடித்தது. பெருவிரல் முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. நோவு தெரியவில்லை. இடது கையால் சுற்றினான். உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியோடு ஒட்டியது. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினான். பிறகு ஓதுகிறதும் மறந்துபோய் மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சுற்றினான். ஷரிபுதீன் வந்து தோளைப் பிடித்து இழுத்தான்.

"விடு மச்சான். நான் சுத்துறன். கொஞ்சம் இரி."

"நீ உள்ளுக்க ஏறி இரி. எடுத்த உடன காலால அமத்து."

"சாவி என்ட கையிலதான் இரிக்கி. உன்ன நிப்பாட்டத்தான் இப்பக் கழட்டினன். போட்டுட்டு வாறன், இரி."

அவன் சொல்லி வாய் மூடவில்லை.

எஞ்சின் எடுத்தது.

கைப்பிடியில் கையில்லை. சாவி ஷரிபுதீனின் விரலில் தொங்குகிறது. எஞ்சின் எடுத்து, ஒரு இருமல் இல்லாமல், ஒரு தட்டு இல்லாமல் ஓடியது. அந்தக் கிழட்டு வானின் எஞ்சின் அவ்வளவு இதமாக ஓடி இருபது வருசமாக ஒருத்தரும் கேட்டதில்லை.

"எடுத்துட்டு மச்சான்," என்றான் ஷரிபுதீன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவனுக்கு. "அல்ஹம்துலில்லாஹ், எடுத்துட்டு. ஓடு, மகளத் தூக்கிட்டு வா."

காலிதீன் அசையவில்லை. சற்று முன்னால் சிரித்துவிட்டு விட்ட கதை அவனுக்கு ஞாபகத்துக்கு வந்தது. மையத்து ஏறினா சொகம்.

வீட்டுப் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியமில்லை. திரும்பாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் அவள் உயிரோடு இருப்பாள் என்று அந்த மனுசன் நினைத்தான்.

செல்லத்தங்கம்தான் வெளியே வந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"தம்பி," என்றாள். "இனி அவசரமில்ல."

அந்த எஞ்சினை நிறுத்த முடியவில்லை. காலிதீன் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பற்றரியைத் தூக்கி வெளியே வைத்தான். பெற்றோல் குழாயைக் கழற்றி மண்ணில் ஊற்றவிட்டான். எண்ணெய் இல்லை, நெருப்பு இல்லை, அப்படியும் அது ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே ஆள் காத்து நிற்கிற மாதிரி, அவசரமில்லாமல். அந்தச் சத்தத்துக்குள்ளேதான் றாஹிலாவைக் குளிப்பாட்டினார்கள், வெள்ளைத்துணி சுற்றிக் கபனிட்டார்கள். ஷரிபுதீன் வானை விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனான். பிறகு அதைத் தேடி வரவேயில்லை.

மறுநாள் காலையில் மோதினார் வளவு மூலைக்குப் போய் மூன்று பலகையையும் பார்த்தார். நடந்ததை ஷரிபுதீன் சொல்லியிருப்பான் போலும். அவர் காலிதீனைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் வந்து மெல்லக் கதைத்தார்.

"இதையே மகளுக்குப் போடுவம் காலிதீன். அது அதுட ஆளத் தேடிட்டுத் திரியுது. ஒரு மையத்துக்கு மேல கிடந்து மண்ணுக்குள்ள போனாத்தான் அடங்கும்."

"அந்தத் தலமுடி ஒட்டின பலகைய என்ட மகள்ட நெஞ்சுக்கு மேல வெக்கவா?"

"கோவப்படாம யோசி."

"யோசிக்க ஒண்டுமில்ல. வெக்க மாட்டன்."

சொன்னதோடு போய் வீட்டின் முன்கதவை நிலையிலிருந்து கழற்றினான். மைமூனாவின் சீதன வீட்டுக் கதவு, ஒருநாள் றாஹிலாவுக்கே சேரவேண்டிய கதவு. முறிந்த விரலோடு அதை மூன்றாக அரிந்து மகளின் கபுறுக்குக் கொண்டுபோனான். மோதினார் விட்டுவிட்டார். பாசத்தில் செய்கிறவனிடம் என்ன பேசுவது.

வானில் ஏற்ற அவன் சம்மதிக்கவில்லை. தோளில்தான் தூக்கிப் போனார்கள். கபுறுக்கு எல்லோரும் மூன்று பிடி மண் போட்டு முடித்த நேரம், கால் கட்டைக்கு அங்கால் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் உறைத்தது.

அன்று பின்னேரமே சொன்னபடி மூன்று பலகையையும் சுமந்துகொண்டுபோய், சுஹறாவுக்குத் தோண்டித் தூர்ந்த இடத்தில் கிடத்திவிட்டு வந்தான். மன்னிப்புக் கேட்டான். வீட்டுக்கு வந்து வானின் நாலு பிளக்கையும் கழற்றி ஒரு பால்ப்பேணி டின்னுக்குள் போட்டு, படுக்கை அறைத் தட்டில் வைத்தான். பிளக் இல்லாத எஞ்சின் வெறும் இரும்பு. அதற்கு மேல் ஒரு மெக்கானிக் செய்ய ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள் மழை வெளித்தது. ஒரே நாளில் மகளுக்குக் கத்தம் ஓதலும் பேத்திக்குப் பெயரும். நதீரா என்று வைத்தார்கள். தலைமுடி இறக்கின போதுகூட அழாத பிள்ளை. அடுத்த வீட்டுப் பெண் தன் பிள்ளையோடு சேர்த்து இதற்கும் பால் கொடுத்தாள். கண் விழித்தால் றாஹிலாவின் சாயல்தான். மருமகன் அப்துல் ஹமீட் தாம்போதித் தண்ணீர் சற்று இறங்கின மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவன், பிள்ளையைக் கையில் வாங்க மாட்டாமல் பள்ளிவாசலிலேயே கிடந்தான்.

லுஹருக்குப் பிறகு சோறு தின்று ஆட்கள் கலைந்தார்கள். மைமூனா ஏழு நாள் தூக்கத்தையும் ஒன்றாகத் தூங்கினாள். கதவில்லாத வாசலால் வெயில் வந்து வீட்டுக்குள் விழுந்திருந்தது. காலிதீன் பேத்தி கிடந்த ஏணைக்குப் பக்கத்தில் குந்தி, கட்டுப்போட்ட கையால் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளை ஒன்று போதும், இதை வளர்த்துவிட்டால் போதும் என்று அவன் மனம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு இடத்தில் நின்றது. கொஞ்சம் கண் அசந்தது.

வளவுக்குள் எஞ்சின் எடுத்தது.

ஒரே எடுப்பு. இருமல் இல்லை, தட்டு இல்லை. இதமாக ஓடிக்கொண்டிருந்தது.

காலிதீன் நிமிர்ந்து தட்டைப் பார்த்தான். பால்ப்பேணி அங்கேயே இருந்தது. நாலு பிளக்கும் அதற்குள் இருந்தது.

மைமூனாவைப் பார்த்தான். அவள் மார்பு ஏறி இறங்குகிறது. நன்றாக மூச்சு வருகிறது.

தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் மிஞ்சியிருந்தது ஏணை. எட்டிப் பார்க்க ஒரு சாண் கழுத்தை நீட்டினால் போதும். அவன் நீட்டவில்லை. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, காலிதீன் கயிற்றை ஆட்டிக்கொண்டே இருந்தான்.